வீரர் கூடிய மேசை

தமிழ்ச் சங்கமொன்றின் ஆண்டு மலரில் அமெரிக்கச் சித்திரக்கதைகளைப் பற்றி எழுதப் புகுவது, நாவலுக்கும் நாட்டார் பாடலுக்கும் உரிய பக்கங்களை வீணடிப்பதாகச் சிலருக்குத் தோன்றலாம். பத்துச் சதத்துக்கு விற்கப்பட்டு, படித்த பின் வீசியெறியப்பட்ட மலிவுத் தாள்களில் ஆராய்வதற்கு என்ன இருக்கின்றது என்று அவர்கள் வினவுவர். அவ்வினாவுக்கு விடையிறுப்பதன்று என் நோக்கம். பறப்போரும் சுவரைத் துளைப்போரும் நிறைந்த அக்கதைகளில் என்னை நெடுங்காலமாக ஈர்த்து வந்தவை பறத்தலும் துளைத்தலும் அல்ல. அவ்வீரர்கள் இடையிடையே கூடிப் பேசும் மேசையே. தனியொருவனாக எதனையும் செய்து முடிக்க வல்லவன் ஏன் ஒரு குழுவிற் சேருகின்றான்? சேர்ந்த பின் அக்குழு அவனுக்கு என்ன செய்கின்றது? அவன் தவறிழைத்தால் அவனை என்ன செய்யும்? 80 ஆண்டுகளுக்கு மேலாக இவ்வினாக்களை அச்சஞ்சிகைகள், பெரும்பாலும் தாம் அறியாமலே, எழுப்பி வந்துள்ளன.

அதிமானுட வீரர் குழுவின் வரலாறு 1940 ஆம் ஆண்டின் இறுதியில் நியூயோர்க்கில் வெளியான 'ஓல் ஸ்டார் கொமிக்ஸ்' சஞ்சிகையின் 3 ஆம் இதழிலே தொடங்குகின்றது. 1938 இல் சுப்பர்மேனும் 1939 இல் பற்மேனும் தோன்றி வணிக வெற்றி கண்டதைத் தொடர்ந்து, முகமூடி வீரர்கள் மாதந்தோறும் பிறந்துகொண்டிருந்த காலம் அது. நஷனல், ஓல் அமெரிக்கன் ஆகிய இரு சகோதர நிறுவனங்களின் சஞ்சிகைகளில் தனித்தனியே உலவிய எட்டு வீரரை ஓரிடத்தில் அமர்த்தினால், பத்துச் சதம் கொடுக்கும் சிறுவனுக்கு எண்மரும் ஒருங்கே கிடைப்பர். அவருள் தன் மனத்துக்குப் பிடித்தவரைத் தேடி அவன் மற்றைய சஞ்சிகைகளையும் வாங்குவான். பதிப்பாசிரியர் ஷெல்டன் மேயரும் கதாசிரியர் கார்ட்னர் பொக்ஸும் உருவாக்கிய 'அமெரிக்க நீதிச் சங்க'த்தின் பிறப்பு இரகசியம் இவ்வளவே. இலட்சியம் பின்னர் வந்தது. கணக்கு முன்னர் வந்தது.

ஆயினும் அந்த முதற் கூட்டம் சுவையானது. வீரர்கள் எவரோடும் போரிடக் கூடவில்லை, விருந்துண்ணவே கூடினர். மேசையைச் சுற்றி அமர்ந்து முறைவைத்துத் தத்தம் அனுபவங்களைச் சொல்லுகின்றனர். விக்கிரமாதித்தன் கதையில் ஒவ்வொரு பதுமையும் ஒவ்வொரு கதை கூறுவது போன்ற கட்டமைப்பு இது. சிம்மாசனத்தின் இடத்தில் உணவு மேசை இருக்கின்றது. ஜோனி தண்டர் என்ற அப்பாவி இளைஞன் அழையா விருந்தாளியாக உள்ளே நுழைகின்றான். தலையிற் சமையற் பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டு வீரவேடம் பூண்ட 'ரெட் டொர்னேடோ' என்ற பெண்மணி வந்து, காற்சட்டை கிழிந்துவிட்டமையால் நாணித் திரும்பிவிடுகின்றாள். உண்டு, கதைத்து, அடுத்த கூட்டத்துக்கான அழைப்போடு அனைவரும் கலைகின்றனர். மாணவர் சங்கக் கூட்டங்களிற் பழகியோருக்கு இது புதுமையாக இராது.

சங்கத்துக்கு விதியொன்று இருந்தது. தன் பெயரிலேயே தனிச் சஞ்சிகை பெறும் வீரன் கௌரவ உறுப்பினனாகி விலகிவிட வேண்டும். ஆகவே சுப்பர்மேனும் பற்மேனும் பெயரளவிலேயே உறுப்பினர். ஃபிளாஷ், கிறீன் லான்டேர்ன் ஆகியோரும் தனிச் சஞ்சிகை கிடைத்ததும் நீங்கினர். வெற்றி பெற்றவன் வெளியேற, இன்னும் வெற்றி பெறாதோர் கூடியிருக்கும் இடமாகச் சங்கம் அமைந்தது. வணிகர் வகுத்த விதியாயினும், கூட்டுச் சேர்தல் வசதி குறைந்தோரின் தேவை என்ற உண்மையை அது தற்செயலாகத் தொட்டுவிட்டது. வொண்டர் வுமன் சேர்க்கப்பட்ட விதமும் நோக்கற்பாலது. இதே சஞ்சிகையின் 8 ஆம் இதழில் 1941 இன் இறுதியில் அறிமுகமான அவள், கவச வாகனங்களைத் தூக்கியெறிய வல்லவள். அச்சங்கத்தில் அவளுக்கு ஈடாகக்கூடியோர் ஓரிருவரே. 1942 இல் அவளுக்குக் கிடைத்த பதவி செயலாளர் பதவி. ஆடவர் உலகைக் காக்கப் புறப்பட, அவள் கூட்டக் குறிப்பேட்டோடு தங்கிவிடுவது வழக்கமாயிற்று. மேசையில் இடமளிப்பது வேறு, பேச விடுவது வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சித்திரம் கிடைப்பதரிது.

போர் முடிந்ததும் வீரர்களின் தேவையும் குறைந்தது. 1951 இல் 57 ஆம் இதழோடு நீதிச் சங்கம் மறைய, அச்சஞ்சிகை பெயரை மாற்றிக்கொண்டு மாட்டிடையர் கதைகளுக்குத் தாவிற்று. 1954 இல் உளநோய் மருத்துவர் பிரெட்றிக் வேர்தம் சித்திரக்கதைகளே இளைஞரைக் கெடுக்கின்றன என்று நூலெழுதினார். செனற் சபையின் உபகுழு விசாரித்தது. வெளியீட்டாளர் அஞ்சித் தமக்குத் தாமே தணிக்கை விதிகளை வகுத்துக்கொண்டனர்.

மீட்சி 1960 இல் வந்தது. ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் என்ற பதிப்பாசிரியர் பழைய வீரர்களைப் புதிய உடையில் உயிர்ப்பித்துக்கொண்டிருந்தார். 'பிறேவ் அன்ட் த போல்ட்' சஞ்சிகையின் 28 ஆம் இதழில் அவர்களை ஒன்றுசேர்த்தபோது, அதே கார்ட்னர் பொக்ஸையே எழுத அழைத்தார். பெயரை மட்டும் மாற்றினார். 'சொசைட்டி' என்பது பொழுதுபோக்கு மன்றம் போல ஒலிக்கின்றது, 'லீக்' என்பதே பேஸ்போல் ஆட்டத்திற் பழகிய சிறுவருக்கு உவப்பானது என்பது அவர் கருத்து. தமிழில் நிலைமை தலைகீழானது. சங்கம் என்றதும் எமக்குப் புலவர் கூடிய அவையும் தொழிலாளர் கூடிய அமைப்பும் ஒருங்கே நினைவுக்கு வரும். அச்சொல்லுக்கு எமது மொழியில் உள்ள கனம் ஷ்வார்ட்ஸ் கைவிட்ட சொல்லுக்கு அவரது மொழியில் இருக்கவில்லைப் போலும். 'நீதி லீக்' முதலிற் பொருத எதிரி வானிலிருந்து வந்த ஒரு பூதாகார நட்சத்திர மீன். பொக்ஸின் கதையமைப்பு கணிதம் போன்று ஒழுங்கானது: கூடுவர், பிரிந்து செல்வர், மீண்டும் கூடி வெல்வர். ஆனால் உரையாடலில் பேசுவோரின் பெயரை மறைத்துவிட்டால் எவர் பேசுகின்றார் என்று கண்டுபிடிக்க இயலாது. அனைவரும் ஒரே குரலிற் பேசினர். ஒருவரும் ஒருவரோடும் பிணங்கவில்லை. பிணக்கில்லாத குழுவில் எனக்கு நம்பிக்கை குறைவு.

பிணக்கு மறு ஆண்டே வந்தது. 1961 நவம்பர் எனத் திகதியிடப்பட்ட 'அற்புத நால்வர்' முதலிதழை ஸ்டான் லீயும் ஜாக் கேர்பியும் படைத்தனர். நீதி லீக்கின் விற்பனையைக் கண்ட போட்டி நிறுவனமொன்று தனக்கும் ஒரு குழு வேண்டும் என்று விரும்பியதன் விளைவு அது. நால்வர் என்றால் சைவ மரபில் வந்த எமக்கு வேறு நால்வர் நினைவுக்கு வருவர்; இந்த நால்வரோ எந்நேரமும் சண்டையிடும் நால்வர். விண்வெளிக் கதிர்களால் தாக்குண்டு திரும்பியவருள் மூவருக்கு விரும்பத்தக்க ஆற்றல்கள் கிடைக்கின்றன. நான்காமவனாகிய பென் கிறிம் கல்லுடம்பு கொண்ட பேருருவாகிவிடுகின்றான். அவனை அவ்வாறு ஆக்கியது அவனுடைய நண்பனின் அவசரம். அந்த நண்பனே குழுவின் தலைவன். மேசையின் ஒரு பக்கத்தில் குற்றவுணர்வும் மறுபக்கத்தில் தீராத மனக்குறையும் எதிரெதிரே அமர்ந்திருக்கும் இவ்வமைப்பே சித்திரக்கதை வரலாற்றைத் திருப்பியது என்பது என் துணிபு. முதலிரண்டு இதழ்களில் அவர்களுக்குச் சீருடைகூட இல்லை; முகமூடியோ என்றுமே இல்லை. 1962 இல் வந்த 9 ஆம் இதழிற் பங்குச் சந்தையிற் பணத்தை இழந்து கடன்காரர் வாசலில் நிற்க, ஹொலிவூட்டிற் கூலிக்கு நடிக்கச் செல்லுகின்றனர். வாடகை கொடுக்க வழியற்ற வீரரை அதற்கு முன்னர் அச்சிறுவர்கள் கண்டதில்லை.

கேர்பியைப் பற்றி ஒரு சொல். நியூயோர்க்கின் கீழ்க் கிழக்குப் பகுதியில், குடியேறிய யூதக் குடும்பமொன்றில் 1917 இல் பிறந்து, தெருக்கூட்டங்களின் சண்டைகளுக்கிடையே வளர்ந்தவர் அவர். அப்பகுதியின் டிலான்சி வீதிதான் கதையில் பென் கிறிம் பிறந்த யான்சி வீதியாயிற்று. பென் கிறிம் ஒரு யூதன் என்பதை அச்சஞ்சிகை வெளிப்படையாகக் கூறியது 2002 இலேதான். நாற்பது ஆண்டுகளாகக் கல்லுக்குள் இருந்த செய்தி அது. நால்வரைக் கற்பனை செய்தவர் யார் என்பதில் லீயும் கேர்பியும் பிற்காலத்தில் வெவ்வேறு விதமாகக் கூறினர். எழுத்தாளர் சுருக்கத்தைக் கொடுக்க, ஓவியரே காட்சிகளை அமைத்துக் கதையை நடத்திச் செல்ல, அதன் பின்னர் உரையாடல் எழுதப்படும் முறை அங்கு நிலவியமையால், எது எவருடையது என்று பிரிப்பது எளிதன்று. ஆனால் உரிமை முழுவதும் நிறுவனத்துடையது என்பதில் மாத்திரம் ஐயமிருக்கவில்லை. தாம் வரைந்த மூலப் பக்கங்களைத் திரும்பப் பெறவே கேர்பி 1980களிற் போராட வேண்டியிருந்தது. துறையைச் சார்ந்த பலர் அவருக்காகக் கையொப்பமிட்டனர். 1987 இல் ஒரு பகுதி மட்டும் திரும்பியது. அவர் 1994 இற் காலமானார். வாரிசுகளோடு நிறுவனம் இணக்கத்துக்கு வந்தது 2014 இல்.

1963 செப்டெம்பர் எனத் திகதியிட்டு இரு குழுக்கள் ஒருங்கே வந்தன. ஒன்று அவெஞ்சர்ஸ், மற்றையது எக்ஸ்-மென். அவெஞ்சர்ஸ் வரலாற்றில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது திரைப்படங்கள் காட்டும் போர்கள் அல்ல. 1965 இன் 16 ஆம் இதழ். தோற்றுவித்தோர் அனைவரும் களைத்து விலகிவிட, கப்டன் அமெரிக்கா தனித்து நிற்கின்றான். அவனோடு சேருவோர் மூவர். மூவரும் முன்னர் எதிரணியில் நின்றோர். அவர்களை ஏற்பதா என்று நீண்ட விவாதமெதுவும் நடைபெறவில்லை. திருந்த விரும்புகின்றோம் என்கின்றனர், ஏற்கப்படுகின்றனர். சிறுவர் சஞ்சிகையில் இத்துணை எளிதாகச் செய்யப்பட்ட ஒன்றைச் செய்ய மாட்டாத பெரியோர் அமைப்புகள் எத்தனையோ உண்டு.

இதற்கு நேர்மாறானது 'லீஜன்'. 1958 இல் தோன்றிய இக்குழு 30 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பதின்ம வயதினரின் பெருங்கூட்டம். யாப்பை நேசிப்போர் இதனை நேசிப்பர். உறுப்புரிமைக்கு நேர்முகத் தேர்வு உண்டு. ஒருவரின் ஆற்றல் மற்றொருவருக்கு இருத்தல் ஆகாது. தலைவர் தெரிவுக்கு வாசகர் தபால் மூலம் வாக்களித்தனர். நிராகரிக்கப்பட்ட விண்ணப்பதாரர் சிலர் மனமுடைந்து போகாமல் 1963 இற் 'பதிலீட்டு வீரர்' எனத் தமக்கென ஒரு குழுவையே அமைத்துக்கொண்டனர். (இக்கடைசிச் செய்தியைத் தேர்தலில் தோற்ற மாணவத் தலைவர்கள் குறித்துக்கொள்க.) கொல்லாமை அதன் கடும் விதி. 1966 இல் ஸ்டார் போய் என்ற உறுப்பினன் தன்னுயிரைக் காக்க ஒருவனைக் கொன்றுவிடுகின்றான். குழு விசாரணை நடத்துகின்றது. வழக்குரைஞரும் எதிர்வழக்குரைஞரும் உறுப்பினரே. வாக்கெடுப்பில் அவன் நீக்கப்படுகின்றான். அவனை நேசித்தோரும் விதியின் பக்கமே நின்றனர். அவ்விதழுக்கு நான்கு மாதங்களின் பின் அச்சஞ்சிகையின் கதாசிரியராக அறிமுகமானவன் 14 வயதுச் சிறுவன் ஒருவன். பிட்ஸ்பேர்க்கின் தொழிலாளர் குடும்பத்தைச் சேர்ந்த ஜிம் ஷூட்டர், வீட்டுக்குப் பணம் தேவைப்பட்டமையால் கதையெழுதி அனுப்பியவன். அவனைப் பின்னர் மீண்டும் சந்திப்போம்.

தமிழ் வாசகருக்கு இக்குழுக்கள் உடனே அறிமுகமாகிவிடவில்லை. 1972 இற் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதலில் வந்தவன் பிரித்தானியக் கதையின் இரும்புக்கை மாயாவி. அவனைப் போன்றே, எம்மவர் விரும்பிப் படித்த சித்திரக்கதை நாயகர் பலரும் தனியர், அல்லது ஒரு துணைவனை மட்டும் உடையோர். ஆகவே மருதானையின் பழைய புத்தகக் கடைகளில் எக்ஸ்-மென் இதழ்கள் முதன்முதலாகக் கைக்கு எட்டியபோது எனக்கு ஏற்பட்டது மகிழ்ச்சியன்று, குழப்பமே. நாயகன் யார் என்றே விளங்கவில்லை. மேலும், அக்கடைகளில் ஓரிதழ் கிடைத்தால் அதன் தொடர்ச்சி கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. போரின் முடிவு தெரியாமற் படிக்கும் வாசகனுக்கு எஞ்சுவது போருக்கு முந்திய பேச்சுத்தான். குழுக் கதைகளில் நான் மேசையைக் கவனிக்கத் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.

எக்ஸ்-மென்னின் அடிப்படைக் கற்பனை எளியது: சிலர் பிறப்பிலேயே வேறுபட்டவர், அவரை உலகம் அஞ்சி வெறுக்கின்றது, அவ்வெறுப்பைத் தாங்கிக்கொண்டே அவர் உலகைக் காக்கின்றனர். ஒடுக்கப்பட்டோரின் கதையாக இதனைப் படிப்பது இன்று வழக்கம். ஆனால் 1963 இன் ஐந்து மாணவரும் வெள்ளை அமெரிக்கரே. விற்பனை போதாமையால் 1970 இற் புதுக்கதைகள் நின்று, ஐந்தாண்டுகள் பழைய கதைகளே மறுபதிப்பாயின. 1975 இல் லென் வீனும் டேவ் கொக்ரமும் குழுவைப் புதிதாக அமைத்தனர். கென்யாவிலிருந்து அழைக்கப்பட்ட ஸ்டோர்ம், ஜேர்மனியின் நைற்குறோலர், சோவியத் கூட்டுப் பண்ணையிலிருந்து கொலோசஸ், கனடாவின் வூல்வரின், அயர்லாந்தின் பன்ஷீ, ஹிரோஷிமாவின் கதிர்வீச்சுக்கு ஆளான தாயின் மகனாகிய ஜப்பானியன் சன்ஃபயர், அப்பாச்சி இனத்துத் தண்டர்பேர்ட். வெளிநாடுகளில் விற்கலாம் என்ற கணக்கு இதன் பின்னாலும் இருந்தது. சன்ஃபயர் உடனே விலகினான். தண்டர்பேர்ட் 95 ஆம் இதழிலேயே இறந்தான். அமெரிக்க மண்ணின் பூர்வ குடிமகனையே முதலிற் பலியிட்டது எனக்கு இன்றும் உறுத்துகின்றது. ஆயினும் எஞ்சியோரை வைத்துக் கிறிஸ் கிளெயார்மொன்ட் பதினாறு ஆண்டுகள் எழுதினார். வெவ்வேறு மொழியும் நம்பிக்கையும் கொண்டோர் ஒரே கூரையின் கீழ் உண்டு, கோபித்து, ஒருவர் துயரை மற்றவர் அறிந்து வாழ்ந்த அந்நீண்ட கதை, மேசையை ஒரு வீடாக்கியது.

அவ்வீட்டுக்கு நேர்ந்த பெருஞ்சோதனை 1980 இல் வந்தது. குழுவின் முதல் ஐவருள் ஒருத்தியாகிய ஜீன் கிரே, தன்னால் அடக்கவியலாத பேராற்றல் பெற்று, ஒரு சூரியனையே விழுங்கிவிடுகின்றாள். அதனைச் சுற்றிய கோளொன்றின் 500 கோடி உயிர்கள் அழிகின்றன. பின்னர் அவள் தெளிந்து பழைய பெண்ணாகிவிடுகின்றாள். ஆனால் விண்வெளிப் பேரரசொன்று நீதி கேட்டு வந்து நிற்கின்றது. 137 ஆம் இதழில், சந்திர மண்டலத்தில் நிகழவிருக்கும் போருக்கு முந்திய இரவு, ஒவ்வோர் உறுப்பினரும் தனித்தனியே சிந்திக்கின்றனர். அவள் குற்றவாளி என்பது அனைவருக்கும் தெரியும். அவளுக்காகப் போரிடுவது நீதியா? வெவ்வேறு நியாயங்களை எண்ணி எண்ணி, ஈற்றில் அனைவரும் அவள் பக்கம் நிற்கின்றனர். லீஜன் விதியின் பக்கம் நின்றது. எக்ஸ்-மென் ஆளின் பக்கம் நின்றனர். அவர்கள் தோற்கின்றனர், தன் ஆற்றல் மீண்டும் கட்டவிழ்வதைக் கண்ட ஜீன் தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொள்கின்றாள்.

கிளெயார்மொன்டும் ஓவியர் ஜோன் பேர்னும் முதலில் வரைந்த முடிவு வேறு. அதில் அவள் ஆற்றலை மட்டும் இழந்து உயிர் பிழைப்பாள். ஒரு கோளின் மக்கள் அனைவரையும் கொன்றவள் வீடு திரும்புவதா என்று தலைமைப் பதிப்பாசிரியர் மறுத்தார். அவர்தான் ஜிம் ஷூட்டர். லீஜன் எழுதிய அச்சிறுவன். அவர் மறுத்தது சரி என்றே நான் கருதுகின்றேன். குழு ஒருத்தியைக் கைவிடாதிருப்பது அழகு. ஆனால் இறந்த 500 கோடிப் பேருக்கு மேசையில் ஆசனம் இல்லை. அவர்களுக்காகப் பேச எவரேனும் வேண்டும். இரு பக்கமும் உண்மையாக இருந்தமையாலேயே அக்கதை நிலைத்தது. 1986 இல், அழித்தவள் ஜீன் அல்லள், அவள் உருவில் வந்த வேறோர் ஆற்றல் என்று விளக்கி அவளை உயிர்ப்பித்தனர். புதிய சஞ்சிகையொன்றுக்குப் பழைய ஐவரும் தேவைப்பட்டனர் என்பதே காரணம். தீர்ப்பை மாற்றியது நீதிமன்றமன்று, சந்தை.

குழுவின் வலிமையே ஆபத்தாகாதா என்ற வினா அதே காலத்தில் எழுந்தது. மார்க் குருவன்வால்டின் 'ஸ்குவாட்ரன் சுப்பிரீம்' 1985 இலிருந்து 12 இதழ்களாக வந்தது. சிதைந்த நாட்டைச் சீர்செய்ய ஒரு வீரர் குழு ஆட்சியைக் கைப்பற்றுகின்றது. பசியும் குற்றமும் குறைகின்றன. குற்றவாளிகளின் மனத்தையே இயந்திரத்தால் மாற்றுகின்றனர். எதிர்த்து வாக்களித்த நண்பன் வெளியேறிப் பகைவனாகின்றான். 1986 இல் தொடங்கிய அலன் மூர், டேவ் கிபன்ஸ் ஆகியோரின் 'வாச்மென்' கலையால் உயர்ந்தது. ஆனால் நல்லோர் கூடித் தீமை செய்வது எவ்வாறு என்பதைக் குருவன்வால்டே படிப்படியாகக் காட்டினார். 1996 இல் அவர் இளவயதிலே இறந்தபோது, அவர் விருப்பப்படி அவரது சாம்பலை மையிற் கலந்து அக்கதையின் தொகுப்பை அச்சிட்டனர்.

1990களை விரைந்து கடக்கலாம். 1991 இல் எக்ஸ்-மென் புதுத் தொடரின் முதலிதழ் 80 இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. வாங்கியோரிற் பலர் விலை ஏறும் என்று பூட்டி வைத்தனர். தசையும் துப்பாக்கியும் பெருத்த குழுக்கள் பல வந்தன, சென்றன. 2012 இன் அவெஞ்சர்ஸ் திரைப்படத்திற்குப் பின்னர் இக்குழுக்களை அறியாதார் இலர்.

காலவரிசையை மீறி நான் இறுதிக்கு வைத்தது 1968 இன் ஒரு கதை. 'டூம் பட்ரோல்' என்ற குழு, எக்ஸ்-மென்னுக்குச் சில மாதங்கள் முன்னதாக 1963 இல் ஆர்னல்ட் டிரேக், பொப் ஹேனி, ஓவியர் புரூனோ பிரெமியானி ஆகியோராற் படைக்கப்பட்டது. சக்கர நாற்காலியில் இருக்கும் தலைவர். விபத்தில் உடலை இழந்து, இயந்திர உடலுக்குள் மூளை மட்டும் எஞ்சியவன். கதிர்வீச்சால் பட்டித்துணி சுற்றப்பட்டுக் கிடப்பவன். உருவம் பெருத்தும் சிறுத்தும் மாறும் பெண். உலகம் தம்மை வேடிக்கைப் பொருளாக நோக்குவதை அறிந்த நால்வர். விற்பனை வீழ்ந்தது, 121 ஆம் இதழே கடைசி என முடிவாயிற்று. அவ்விதழிற் பகைவன் அவர்களை ஒரு தீவிற் சிறைப்படுத்தி ஒரு தெரிவை முன்வைக்கின்றான். ஒன்றில் அவர்கள் இறக்க வேண்டும்; அன்றேல் மெயின் மாநிலத்துக் கோட்ஸ்வில் என்ற சிறு மீனவக் கிராமத்தின் 14 பேர் இறப்பர். 500 கோடியன்று, 14 பேர். பெயர்கூட அறியாத 14 மீனவர். உலகம் முழுவதும் கேட்டுக்கொண்டிருக்க, நால்வரும் தம்மை அழிக்கும்படி கூறுகின்றனர். தீவு வெடிக்கின்றது. மேசையில் விவாதம் எதுவும் நிகழவில்லை; தேவைப்படவும் இல்லை.

அதனை எழுதிய டிரேக்கின் நிலை என்ன? அக்காலத்திற் கதாசிரியருக்கு மாதச் சம்பளம் இல்லை. பக்கத்துக்கு இவ்வளவு என்ற கூலிதான். மருத்துவக் காப்புறுதி இல்லை, ஓய்வூதியம் இல்லை, மறுபதிப்புக்குப் பங்கு இல்லை. 1960களின் பிற்பகுதியில் அந்நிறுவனத்தின் மூத்த எழுத்தாளர் சிலர் ஒன்றுகூடி இவற்றைக் கேட்டனர். டிரேக் அவர்களுள் ஒருவர். பற்மேனின் உருவாக்கத்திற் பங்குகொண்டும் அக்காலத்திற் பெயர் பெறாத பில் ஃபிங்கர் மற்றொருவர். நீதிச் சங்கத்தையும் நீதி லீக்கையும் எழுதிய கார்ட்னர் பொக்ஸும் அவர்களுள் இருந்தார். 1940 இல் எட்டு வீரரை ஒரு மேசையில் அமர்த்தியவர், 57 ஆம் வயதை நெருங்கும்போது தாமும் ஒரு மேசையில் அமர்ந்தார். அவர்களை எவரும் பகிரங்கமாக நீக்கவில்லை. வேலை குறைந்தது, பின்னர் நின்றது. அவர்களின் இடத்துக்கு இளைஞர் வந்தனர்; அவருட் பலர் அம்மூத்தோரின் கதைகளைப் படித்தே எழுத வந்தோர். டிரேக் போட்டி நிறுவனத்துக்குச் சென்று, அதே 1968 இல் எக்ஸ்-மென் இதழ்கள் சிலவற்றை எழுதினார். பொக்ஸ் எழுதிய நீதி லீக்கின் கடைசி இதழ் 65 ஆவது; அதன் திகதி 1968 செப்டெம்பர்.

பொக்ஸ் அதன் பின்னர் மலிவுப் பதிப்பு நாவல்கள் பல எழுதிப் பிழைத்து, 1986 இல் மறைந்தார். அவருடைய கையெழுத்துப் பிரதிகளும், சிறுவர் அவருக்கு எழுதிய கடிதங்களும் ஒரேகன் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன.